வரிசையில் நின்ற சத்தங்கள்

சகல ஜனங்களும் கையில் உள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டு அறிய வேண்டிய செய்தி: பத்தொன்பது வருடமாகக் காது கேளாதிருந்த ஓய்வுபெற்ற புகார் அதிகாரிக்குப் புதன்கிழமை காலை பத்தே காலுக்குக் காது மெஷின் பொருத்தப்பட்டது. பத்து இருபதுக்கு அவருக்குக் கேட்டது. கேட்டது பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய சத்தம்.

காது போன பிறகும் அவர் தண்ணீர் வாரியத்தின் புகார் மேஜையில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தார். யார் என்ன கத்தினாலும் முகம் மாறாமல் தலையாட்டி, "சரி சரி, பாத்துக்கலாம்" என்பார். ஊரிலேயே பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்பவர் என்று ஓய்வுபெறும் நாளில் பதக்கம் குத்தினார்கள். அந்தப் பாராட்டுரைக்கும் தலையாட்டினார். வீட்டின் முன் அறையில் துணி தைத்துக்கொண்டிருந்த மனைவிக்கும் அதே தலையாட்டல்தான்.

மெஷின் பொருத்தியவர் இதற்கெல்லாம் அசரவில்லை. "பழகணும்மா. அவர்கிட்ட சொன்ன எதுவும் எங்கயும் போகல, வரிசையில நிக்குது. ஒரு நாளைக்கு ஒரு மாசம் வீதம் உள்ள வரும். நீங்க இன்னிக்குப் பேசறது கடைசியிலதான்."

"கதவத் தாழ் போடுங்கன்னு சொல்லணும். அதுக்கு எட்டு மாசமா?" என்றாள் மனைவி. மெஷின்காரர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றுமுதல் வீடு புகார் அலுவலகம் ஆனது. சோற்றில் கை வைத்தவர் திடீரென்று, "எந்தத் தெரு? எத்தனை நாளா வரல?" என்று எழுந்துவிடுவார். ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு, பதினாறு வருடத்துக்கு முன் குழாய் வெடித்த வீட்டைத் தேடிப் போனார். அங்கே இப்போது ஒரு பல் மருத்துவர் இருந்தார்; வந்ததற்கு ஒரு பல்லைப் பிடுங்கி அனுப்பினார். "என்னைப் போய் இப்படி நாக்கூசாம திட்டியிருக்காங்களே!" என்று வீடு திரும்பியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். "நான் திட்டினது இன்னும் வரல, இருங்க," என்றாள் மனைவி. அதுவும் போய் வரிசையில் நின்றது.

வாய் அப்படிச் சொன்னாலும் அவள் அன்றே கணக்குப் பார்க்க ஆரம்பித்தாள். காது போன பதினோராம் வருடத்தின் மூன்றாம் மாதத்தில், ஒரு மதியம், அவர் முதுகைப் பார்த்து ஒன்று சொல்லியிருந்தாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்: நூற்றிருபத்து மூன்றாம் நாள் வந்துவிடும். தையல் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு வந்தாள். நூற்றிருபத்திரண்டாம் நாள் பேட்டரியைப் பிடுங்கி நூல் டப்பாவில் ஒளித்தாள். பிறகு, எப்போது போட்டாலும் அதேதானே முதலில் வரும் என்று உறைத்தது. முணுமுணுத்தபடி திரும்பப் போட்டாள்.

மறுநாள் மதியம் அவர் பேப்பரைத் தாழ்த்தினார். அவள் கையில் பாதி தைத்த சட்டைக்கை.

"நான் போறேன். இந்தச் சுவரோட இனிமே குடும்பம் நடத்த முடியாது. போகட்டுமா?" என்று அவருக்குக் கேட்டது. தொடர்ந்து அவருடைய குரலே கேட்டது: "சரி சரி, பாத்துக்கலாம்." கதவு சாத்தும் சத்தம். ஒன்றரை மணி நேரம் ஒன்றுமில்லை. கதவு திறக்கும் சத்தம்.

"ஏன் திரும்பி வந்தே?" என்றார்.

அவள் உடனே பதில் சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை. காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினார். அவள் திருப்பித் தள்ளிவிட்டு, மெஷினைத் தொட்டுக் காட்டி, காத்திரு என்று கையமர்த்தினாள். பத்தொன்பது வருடம் அவள் காத்திருக்கவில்லையா?

அடுத்த நூற்றுப் பத்து நாளும் அவர் தங்கமாக இருந்தார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். காந்தத்தை வைத்துக் குண்டூசி பொறுக்கினார். அவள் இழுத்து வைத்த சாக்பீஸ் கோடுகளைக்கூட அழித்துச் சுவரைத் துடைத்தார். தன்னைவிட்டுப் பிரிய முடியாத அன்புதான் அவளைத் திருப்பி அழைத்துவந்தது என்று சக ஓய்வூதியர்களுக்கு மாலை நடையின்போது விரிவுரை ஆற்றினார். அவர்கள் மறுத்தது அவருக்குக் கேட்கவில்லை. பதிலுக்கு முன்னால் நின்ற ஒன்பது வருடம் உள்ளே வந்தது. அதில் பெரும்பாலும் மிக்ஸி சத்தம்.

இருநூற்று முப்பத்து மூன்றாம் நாள் பதில் வந்தது.

"பாலை அடுப்புல வச்சிட்டு வந்தது பஸ் ஸ்டாண்டுல ஞாபகம் வந்துச்சு."

அவர் வழக்கம்போல் தலையாட்டினார். மூன்று நாளில் வரிசை தீர்ந்து, மெஷின் எல்லோருடையதையும் போல ஓடத் தொடங்கியது.

அந்தப் பாலும் தீய்ந்துதான் போயிருந்தது.