பிரேக்கைத் தொட வேண்டாம்

"இறக்கம் செங்குத்தாகத் தெரியும். பயப்பட வேண்டாம். பிரேக்கைத் தொட வேண்டாம், தொட்டால்தான் விழுவீர்கள். விட்டுவிட்டால் வண்டி தானே உங்களை ஏரிக்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்."

இதை எழுதியவன் நான்தான். பெயர் கிட்டு, வயது முப்பத்தாறு, மாட்டுங்காவில் குடித்தனம், ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. விபத்துப் படிவங்களில் மற்றவர்கள் எழுதும் பொய்யைக் கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

எண்பத்தாறில் எங்களுக்கு ஒரு சைக்கிள் சங்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிங்ஸ் சர்க்கிளில் கூடி, சயான், குர்லா, மரோல் வழியாக ஆரே காலனி போய், எருமைத் தொழுவங்களைத் தாண்டி, விஹார் ஏரியைச் சுற்றியுள்ள காட்டுக்குள் நுழைவோம். பம்பாய்க்குள்ளேயே ஒரு காடு, குன்றுகள், நடுவில் சத்தமே இல்லாமல் ஒரு ஏரி. புதுப் பாதை கண்டுபிடிக்கிறவர் அதை எழுதித் தர வேண்டும். சங்கச் செயலாளர் திருவேங்கடம் அதை சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பார். தமிழில்தான் எழுத வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கால் ஊன்றாமல் முழுப் பாதையையும் ஓட்டினேன் என்று கீழே கையெழுத்தும் போட வேண்டும். எங்காவது இறங்கித் தள்ளியிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

சொல்லலாம்தான். சொன்னவனுக்கு அந்த மாதம் முழுக்கத் தள்ளுவண்டி என்று பெயர். "வாங்கோ தள்ளுவண்டி, இன்னிக்குக் கத்திரிக்காய் என்ன விலை?" என்று கேட்டுப் பிராணனை வாங்குவோம். அந்தப் பெயரைக் கண்டுபிடித்ததும், மற்றவர்களை அதைச் சொல்லி அதிகமாக வதைத்ததும் நான்தான். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்டோபரில் தனியாகப் போய் ஒரு பாதை கண்டுபிடித்தேன். ஆரே பக்கத்திலிருந்து தேக்கு மரங்களுக்கு நடுவே நோகாமல் ஏறும் ஒற்றையடிப் பாதை. உச்சிக்குப் போனால் திடீரென்று காலடியில் ஏரி. அங்கிருந்து கரைக்கு ஒரே இறக்கம். சரளைக்கல், செம்மண், வேர்கள். பத்தடி போவதற்குள் பயந்து பிரேக்கை அழுத்தினேன். இறங்கினேன். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், வழுக்கினேன், மிச்சப் பாதி தூரத்தை உட்கார்ந்தபடியே சறுக்கி முடித்தேன். பேன்ட் பின்பக்கம் கிழிந்தது. வீட்டில் மனைவி ருக்குவிடம் முள்வேலி கிழித்துவிட்டது என்றேன்.

அன்று ராத்திரி எழுத உட்கார்ந்தபோது தள்ளுவண்டி என்ற சொல் காதுக்குள் கேட்டது. அமெரிக்காவிலிருந்து மைத்துனன் அனுப்பிய பத்திரிகை ஒன்று மேஜைமேல் கிடந்தது. மலையில் ஓட்டுவதற்கென்றே அங்கே சைக்கிள் செய்கிறார்களாம். தடித்த டயர், நேரான ஹாண்டில்பார். ஒருவன் மலையிலிருந்து பாய்ந்து வரும் படம். அந்தப் படத்தில் இருப்பவன் நானேதான் என்பதுபோல் பிரேக் விஷயத்தை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். திருவேங்கடம் படித்துவிட்டு, "பேஷ், எழுத்துலயே காத்தடிக்கறதே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிராஜ் எங்கள் சங்கத்தில் புதியவர். தாராவிக்காரர், பூர்வீகம் மேலப்பாளையம். ஜெயினுலாப்தீன் பாய் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். கத்தியை ஒரு தடவை இழுத்தால் பையின் வளைவு அப்படியே வந்துவிடும் என்பார்கள். பம்பாயிலேயே வளர்ந்ததால் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். எங்கள் தாள்களை மனைவி ஆபிதா உரக்கப் படித்துக் காட்ட, அவர் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாராம். அச்சில் வந்தது பொய்யாக இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு, சிராஜ் தன் மச்சான் நாகூர் மீரானைக் கூட்டிக்கொண்டு என் பாதையில் போயிருக்கிறார். விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. நாகூர் மீரான் அவரை கேரியரில் உட்கார வைத்து மரோல் வரைக்கும் மிதித்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

தாராவியில் அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். மாடி அறை, ஏணிப்படி. கட்டுப்போட்ட கையோடு சிராஜ் எழுந்து நிற்கப் பார்த்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் வெட்கம்.

"வாங்க சார். உங்க மூஞ்சியில முழிக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"ஏன் சிராஜ்?"

"நீங்க எழுதுனபடி விட்டுட்டுத்தான் சார் வந்தேன். எகதம் செங்குத்து, ஒரேயடியா எறங்குது. பாதியில பயந்துட்டேன். கை தன்னால பிரேக்குக்குப் போயிட்டு. அதான் தூக்கி எறிஞ்சிருச்சு. தொட்டா விழுவேன்னு நீங்க தெளிவா எழுதியிருக்கிய. எம்மேலதான் தப்பு."

ஆபிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு டீயும் நான்கட்டாய் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், நான்கட்டாயைக் கடிப்பதற்கு.

"கட்டுப் பிரிச்சதும் மறுபடி போவேன் சார்," என்றார் சிராஜ். "இந்தத் தடவை தொட மாட்டேன்."

டீ ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வழி நெடுக என்னை நானே திட்டிக்கொண்டேன். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. யாரும் கேட்காத இடத்தில் திட்டிக்கொள்வது சுலபம்.

கட்டுப் பிரித்தார்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. கத்தி பிடித்தால் கை நடுங்கியது. பட்டறையில் அவரை வெட்டும் பலகையிலிருந்து எழுப்பி, சொல்யூஷன் பசை தடவும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று திருவேங்கடம் சொன்னார். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

ஜனவரிக் கடைசி ஞாயிறு, சிராஜ் சைக்கிளோடு கிங்ஸ் சர்க்கிளில் வந்து நின்றார். கூட நாகூர் மீரான். "இன்னைக்கு அந்த எறக்கத்துக்குப் போலாம் சார். நீங்க முன்னால போங்க. எப்படி விடுதியன்னு ஒருக்காப் பாத்துட்டா எனக்கும் வந்துரும்." திருவேங்கடத்துக்கு ஏக உற்சாகம். நான் டயரை அழுத்திப் பார்த்தேன், செயினைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை.

உச்சியில் நாலு பேரும் நின்றோம். கீழே ஏரி அசையாமல் கிடந்தது. காட்டில் ஒரு பறவை மட்டும் விட்டுவிட்டுக் கத்தியது. மூன்று பேரும் எனக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். சிராஜ் இடது கையால் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தார். வலது கை அதன்மேல் சும்மா கிடந்தது. நான் போகாவிட்டால் அவர் போய்விடுவார், பிரேக்கைத் தொடாமல். இந்தத் தடவை கையோடு நிற்காது.

"சிராஜ், நான் இதுல ஓட்டினதே இல்லை," என்றேன்.

சிராஜ் சிரித்தார். "எனக்காவச் சொல்லுதிய. நான் மனசு ஒடஞ்சிருவேன்னு."

"சத்தியமாச் சொல்றேன். அன்னிக்கு இறங்கி நடந்துதான் போனேன். பிரேக் விஷயம் நானா இட்டுக்கட்டினது."

"விடுங்க சார், பெரிய மனசு ஒங்களுக்கு. நீங்க வாங்க பின்னால, நான் போறேன்," என்று அவர் பெடலில் காலை வைத்தார்.

பொய் சொன்னபோது உடனே நம்பினார்கள். நிஜத்தைச் சொன்னால் தாட்சண்யம் என்கிறார்கள். வேறு வழி தெரியவில்லை. அவர் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றேன். என் சைக்கிளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். அன்றைக்கு எப்படி இறங்கினேனோ அப்படியே. நடந்தேன். வழுக்கினேன். வேரைப் பிடித்துக்கொண்டேன். கால் நிற்காத இடத்தில் உட்கார்ந்து, மூன்று பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு கரைவரை சறுக்கினேன். மேலே யாரும் சிரிக்கவில்லை. திருவேங்கடம்கூடத் தள்ளுவண்டி என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிராஜ் ஒற்றைக் கையால் சைக்கிளை நிதானமாகத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். எனக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"தள்ளிக்கிட்டு வந்தேன்னு எழுதியிருந்தா நானும் தள்ளிக்கிட்டுத்தான் வந்திருப்பேன்," என்றார். "தள்ளுறதுல எனக்கு என்ன வெக்கம்? ஏரியைப் பாக்கத்தான வந்தேன்."

மன்னிப்பு என்று ஏதோ முனகினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். எங்க வீட்டுக்கு வந்து ஆபிதாகிட்ட இதைச் சொல்லுங்க. இன்னைக்கே."

போனேன். இந்தத் தடவை டீ வருவதற்கு முன்பே, நின்றுகொண்டே, ஒன்று விடாமல் சொன்னேன். பேன்ட் கிழிந்ததுவரை சொன்னேன். ஆபிதா என்னை நாலு வார்த்தை ஏசுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சிராஜின் கோணல் மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு மாசமா ஒங்களப் பயந்தாங்கொள்ளின்னு என்ன ஏச்சு ஏசிட்டேன்," என்று அழுதார். "அவ்வளவு தெளிவா எழுதியிருந்தும் கேக்காமக் கையைக் கெடுத்துக்கிட்டியன்னு. நீங்களும் வாயைத் தொறக்கலியே."

"நீதான தாளப் படிச்ச. அச்சுல இருக்கும்போது நான் என்னத்தச் சொல்ல," என்றார் சிராஜ்.

நான் போய்விட்டு வருகிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை.