பின்பக்கத்து நட்டு

போலீஸ் நிலையத்திலிருந்து டிராக்டர் திரும்பி வந்து பதினோரு நாளாகியும் தம்புசாமி அதன் பக்கம் போகவில்லை. தகரக் கொட்டகையில் அது பாட்டுக்கு நின்றது. பின்சக்கரத்துக்கு மேலிருந்த மட்கார்டு நசுங்கியிருந்தது. மற்றபடி அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது ராஜனுக்குத்தான்.

ராஜன், தம்புசாமியின் தங்கை சந்திரகலாவின் கணவர். கிள்ளானுக்கும் ஷா ஆலத்துக்கும் நடுவே தம்புசாமிக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் ஆறு ஏக்கரில் இருந்தன. ஒன்பது வருஷமாக அதில் குலை வெட்டி, டிரெய்லரில் ஏற்றி, பெரிய சாலையைக் கடந்து எடை போடும் இடத்துக்கு ஓட்டிப்போனவர் ராஜன்தான். டிராக்டருக்குக் கிட்டத்தட்ட தம்புசாமியின் வயது. டாங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்பு அதில் போய்விட்டிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று மூச்சு முட்டியதுபோல் நின்றுவிடும். இறங்கிப் பம்பின் அடியிலுள்ள சின்ன நெம்புகோலைக் கையால் இருபது முப்பது தடவை அடித்தால் டீசல் ஏறி மறுபடி கிளம்பும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், நடுச்சாலையில் நின்றது. ராஜன் இறங்கி, சக்கரங்களுக்கு நடுவே குனிந்து நெம்பை அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த கொள்கலன் லோரி டிரெய்லரை இடித்தது. டிராக்டர் அவர்மேல் ஏறி நின்றது.

வெட்டாத குலைகள் மரத்திலேயே பழுத்து உதிர ஆரம்பித்துவிட்டன. தோட்டத்துச் சேற்றுக்குள் வாடகை லோரி எதுவும் வராது. வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்புசாமி அலமாரியிலிருந்த புதுப் பம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அதை விபத்துக்கு வெகு முன்பே, ஜனவரியிலேயே ராஜன் கிள்ளானில் நாலு கடை ஏறி இறங்கித் தேடி வாங்கி வந்திருந்தார். அட்டைப்பெட்டியைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

பம்பு இருந்த இடம்தான் தொல்லை. எஞ்சினுக்கும், மண் அள்ளும் லோடரைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சந்து, அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு நட்டில் மூன்று வந்துவிட்டன. நாலாவது பம்புக்குப் பின்னால். கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். தம்புசாமியின் கை மணிக்கட்டோடு நின்றது. திருகி நுழைத்தார், புறங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். ஸ்பேனர் கைநழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து சந்திரகலா வந்தாள்.

"என்னண்ணே செய்றீங்க?"

"பம்ப மாத்துறேன். பின்னால ஒரு நட்டு... கை போக மாட்டேங்குது."

அவள் கொஞ்ச நேரம் டிராக்டரையே பார்த்தாள். பிறகு வளையல்களைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தாள். "தள்ளுங்க. என் கை போகும்."

தம்புசாமி விலகி இடம் விட்டார். அவள் முகத்தை இரும்போடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டாள். "இருக்கு" என்றாள். ஸ்பேனரைக் கொடுத்தார். கால் திருகு, எடுத்து மாற்றி மறுபடி கால் திருகு. பத்தே நிமிஷத்தில் நட்டு அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. பழைய பம்பைப் பிடுங்கி, புதியதை உட்கார வைத்து, பின்பக்கத்து நட்டை அவளே முதலில் ஏற்றினாள். தம்புசாமி மற்ற மூன்றையும் இறுக்கி, குழாய்களை மாட்டி, நெம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினார். நுரை நின்று டீசல் சீராக வழிந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

"நிப்பாட்டுங்க" என்றாள். நிறுத்தினார்.

"இவ்ளோதானா வேலை? இதுக்குத்தானா அந்த மனுஷன் நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்தாரு? என்னைக் கூப்பிட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா. சோம்பேறி! எம்மகளுக்கு அப்பா இல்லாம ஆக்கிட்டுப் போயிட்டாரு."

ராஜன் இழுத்தடித்தார் என்ற பேச்சே தம்புசாமி சொன்னதுதான். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கேட்டபோது, 'நான் மாத்தச் சொன்னேன், மச்சான்தான் தள்ளிப் போட்டாரு' என்று வாயில் வந்துவிட்டது. அதையே போலீசிலும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சொல்லச் சொல்ல அது நடந்தது மாதிரியே ஆகிவிட்டிருந்தது.

"கலா." தம்புசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அவரு தள்ளிப் போடல. மூணு தடவை வந்து கேட்டாரு. லோடரக் கழட்டணும், ஒரு நாள் வேல கெடும்னு நான்தான் வேணாம்னேன். நெம்ப அடிச்சிட்டு ஓட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவள் பழந்துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். துடைத்து முடித்த விரலையே திரும்பவும் துடைத்தாள்.

"பதினாறாம் நாள் படையல்ல அவரு படத்துக்கு முன்னால நின்னு ஏசினேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"கேட்டுக்கிட்டுத்தான் நின்னீங்க."

அவள் வளையல்களை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மலர்விழிக்குப் போன் போடுங்க. இப்பவே. நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுங்க."

மலர்விழி அவள் மகள். பெட்டாலிங் ஜெயாவில் அறை எடுத்துத் தங்கி, நர்சாகத் தாதிமை படிக்கிறாள். தம்புசாமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"போலீஸ்ல சொல்லிட்டீங்களா மாமா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப சொல்லிட்டுக் கூப்பிடுங்க." வைத்துவிட்டாள்.

மறுநாள் போனார். இளவயது மலாய் அதிகாரி ஒருவர் பழைய வாக்குமூலத்தை ஒரு தடவை படித்தார். ஏன் இவ்வளவு நாள் கழித்து என்று கேட்டார். தம்புசாமி அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். புதிதாக எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து மலர்விழியை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி அழைத்தார். அப்போதும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை சந்திரகலா இரண்டு பைகளோடு தன் வீட்டு வாசலில் நின்றாள். மகளோடு தங்கப் போகிறாள்.

"நான் கொண்டுபோய் விடறேன் கலா."

"வேணாம். கார் கூப்பிட்டுட்டேன், வந்துக்கிட்டிருக்கு."

வெயில் சுள்ளென்று அடித்தது. பைகளையாவது சாலை வரை தூக்கி வருகிறேன் என்று தம்புசாமி கை நீட்டினார். அவள் இரண்டையும் தானே எடுத்துக்கொண்டு நடந்தாள். கார் வர இருபது நிமிஷமாயிற்று. அவ்வளவு நேரமும் அவர் வாசலிலேயே நின்றார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.