சிவப்பு எண்ணெய்

லொறியின் கியர் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவருவதற்குச் சுஹைரா ஒரேயொரு நிபந்தனைதான் போட்டாள். முன் அறைக்குள் செருப்போடு யாரும் ஏறக்கூடாது.

அது புதிய நிபந்தனையும் அல்ல. கிண்ணியாவில் அவர்களுடைய வீடு கடற்கரையை ஒட்டியிருந்தது. வாசலில் நின்று காலை உதறாமல் வந்தால் ஆளுக்கொரு பிடி மணல் கூடவே வரும். தொழுகைப் பாய் விரிக்கிற அறை வேறு. இப்போது அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. முற்றத்தில் வைத்துப் பெட்டியைத் திறந்தால் ஒரு காற்றுப் போதும், உள்ளே மணல் இறங்கிவிடும் என்று அவளுடைய கணவன் ஸெய்னுதீனே சொன்னான். எனவே அவள் சீமெந்துத் தரையைக் கழுவி, துடைத்து, பழைய பெட்சீற்றை விரித்துவிட்டு வாசலில் நின்றுகொண்டாள்.

அவளுடைய அண்ணன், காக்கா ஆதம்பாவா, தோணியில் வேலை செய்யும் இரண்டு பேரைக் கூட்டிவந்து, பெட்டியை மரக்கொம்பில் கயிறு கட்டித் தூக்கி உள்ளே இறக்கினான்.

"செருப்பு," என்றாள் சுஹைரா.

"புள்ளப்பெத்த வீட்டுக்கும் இவ்வளவு சுத்தம் பாக்கமாட்டாங்க தங்கச்சி," என்றான் ஆதம்பாவா. "மச்சான், இதுக்கு என்ன பேர் வெக்கப் போறயள்?"

"மொதல்ல மூச்சு விடட்டும்," என்றான் ஸெய்னுதீன்.

அவன் தன் வயதில் பாதியை மீன் லொறியில் கழித்தவன். சீனி வியாதி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது லொறியும் கையைவிட்டுப் போனது. கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். அதன் பிறகு பொய்க்காலை மாட்டிக்கொண்டு வாசல் கதிரையில் இருந்தான். பாலத்துப் பக்கம் போகிற லொறிகளின் சத்தத்தைக் கேட்டு, இன்னாருடைய வண்டி, இன்ன கியரில் ஏறுகிறது என்று சொல்வதே அவனுடைய நாள் முழுவதற்குமான கதையாக இருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் சுஹைரா ஏதாவதொரு வேலையைச் சாட்டி உள்ளே போய்விடுவாள்.

பாலையூற்றில் மீனுக்கு ஐஸ் போடுகிற ஒரு வாடிக்குப் பின்னால் ஓட்டோ கியர் லொறி ஒன்று துருப்பிடித்துக் கிடப்பதாக ஆதம்பாவா வந்து சொன்ன அன்று, ஸெய்னுதீன் சோற்றுப் பீங்கானில் கை வைத்தபடியே அப்படியே இருந்துவிட்டான். ஓட்டோ கியருக்குக் கிளட்ச் இல்லை. இரண்டு மிதிதான். இரண்டுக்கும் வலது கால் போதும்.

லொறியை இழுத்துவந்து முற்றத்தில் விட்டு, எஞ்சின், பிரேக், தளம் என்று ஒவ்வொன்றாக அவனே சரிசெய்தான். கடைசியில் கியர் பெட்டி மட்டும் மிஞ்சியது. உள்ளே எண்ணெயை அடக்கி வைக்கிற றப்பர் சீல்கள் காய்ந்து தேங்காய் ஓடு மாதிரி ஆகியிருந்தன. டவுன் கராச்சுகளில் கேட்டபோது, ஓட்டோ கியரைத் தாங்கள் திறப்பதில்லை, கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அவன் கொழும்பிலிருந்து சீல்களை மட்டும் பஸ்ஸில் எடுப்பித்தான்.

வேலை தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டின் ஒழுங்கே மாறிப்போனது. காலையில் ஸெய்னுதீன் பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் அமர்ந்துகொள்வான். சுஹைரா அவனுக்கு எதிரே. கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் பெட்சீற்றில் வைப்பது அவள் பொறுப்பு. கிண்ணம் போன்ற இரும்பு உறைகளுக்குள் சீலை இறக்கும்போது அதன் மெல்லிய விளிம்பு மடியக்கூடாது. மடிந்தால் எண்ணெய் நிற்காது. அவன் விரல்கள் தடித்தவை. ஒரு சீலைக் கிழித்துவிட்டுத் தலையில் கைவைத்தான். பிறகு அவள்தான் வலை பொத்துகிற தங்கூசி நூலை வளையமாக மடித்து, வாஸ்லின் பூசி, விளிம்பைச் சுற்றிவர உள்ளே தள்ளிக் கொடுத்தாள். சீல் சத்தமில்லாமல் இறங்கி அமர்ந்தது.

"இத இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சி வெச்சிருந்த?"

"வல பொத்தின கை," என்றாள் அவள். வெட்கமாக இருந்தது. கல்யாணம் முடித்து இத்தனை வருசத்தில் அவனுடைய தொழிலுக்குள் அவள் கை வைத்தது அதுவே முதல் தடவை.

கியர் எண்ணெய் சிவப்பு. நன்னாரி சர்பத்தின் சிவப்பு. துடைத்தாலும் தரையில் வழவழப்பு நிற்கும். மண்ணெண்ணெய்த் துணி இல்லாமல் போகாது. அவனுடைய சாரன், முழங்கை, பாதம் எல்லாம் சிவப்பாக இருந்தது. கால் எடுத்த நாளிலிருந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவள் கைக்கண்ணாடியும் ரோச் லைட்டுமாக அவனுடைய வலது உள்ளங்காலைப் பார்ப்பது வழக்கம். அந்தப் பாதத்தில் உணர்ச்சி இல்லை, கண்தான் அதற்குக் காவல் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் செருப்பா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அதோடு போயிற்று. இப்போது பெட்டி வேலை தொடங்கிய பிறகு, "விடு புள்ள, முழுக்க எண்ணெய், என்ன தெரியப் போகுது, வேல முடியட்டும்," என்று காலை மடக்கிக்கொண்டான். அவளும் விட்டுவிட்டாள்.

ஓர் உறைக்குள் சுருள்வில்களை அழுத்திப் பிடித்திருந்த வளையத்தைக் குறட்டால் விரித்தபோது அது 'டிக்' என்று உடைந்தது. இரண்டு துண்டுகள் மடியில் விழுந்தன. அவன் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தான். நடுவே ஒரு நகத்துண்டு அளவு இடைவெளி.

"இன்னொண்டு இரிக்கி," என்றான். குரல் மாறியிருந்தது. "அது பெட்டிக்குள்ள கெடந்தா எல்லாம் போச்சி. ஓடக்குள்ள அரைச்சிப் போடும்."

வளையத்துக்கு மாற்று இருந்தது. உடைந்த துண்டுக்குத்தான் வழி தெரியவில்லை. சேர்த்தவற்றை எல்லாம் மறுபடி கழற்றினார்கள். ஒவ்வொரு துளைக்கும் காற்று அடித்தார்கள். சுஹைரா பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி அறை முழுவதும் இழுத்தாள், பாயை உதறினாள், கதவிடுக்கில் குச்சி விட்டுப் பார்த்தாள். ஸெய்னுதீனுக்குப் பொறுக்கவில்லை. பொய்க்காலை மாட்டவும் நேரமில்லாமல், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தி மூலை மூலையாகத் தேடினான்.

"பூனை திண்டிரிக்கும்," என்றான் அப்போது வந்த ஆதம்பாவா. "இனி அதுவும் ஓட்டோ கியரிலதான் ஓடும்."

சுஹைரா காந்தத்தை இன்னொரு தடவை இழுத்தாள். கடைசியில், சன்னலால் பறந்திருக்கும் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு பெட்டியை மூடினார்கள்.

அந்த நாட்களில் தரையில் சிவப்புப் பொட்டுகள் அதிகமாகின. பெட்டி இருந்த இடத்தில் மட்டுமல்ல, குசினி வாசலில், குளியலறைப் படியில் எல்லாம். "உங்கட எண்ணெய் நடக்கவும் பழகிட்டுது," என்று சொல்லிக்கொண்டே சுஹைரா துடைத்தாள். சில பொட்டுகள் மண்ணெண்ணெய் இல்லாமல் வெறும் தண்ணீரிலேயே போயின. புதிய எண்ணெய், அதனால் இலேசாகப் போகிறது என்று நினைத்தாள். ஸெய்னுதீனுக்கு உடம்பு சுட்டது. தூக்கம் போதாது என்றான்.

பெட்டியை மறுபடி லொறிக்குள் ஏற்றிப் பூட்டி, எண்ணெய் விட்டு, எஞ்சினை எழுப்பிய அன்று தெருப் பிள்ளைகள் எல்லாரும் வேலியில் நின்றார்கள். ஸெய்னுதீன் ஆசனத்தில் ஏறி அமர்ந்து கியர் நெம்பை இழுத்தான். லொறி சின்னதாக ஒரு உந்து உந்தி, தானாக நகர்ந்தது.

"எடது கால் சும்மாதான் இரிக்கி பாருங்க," என்றான் ஆதம்பாவாவிடம், பொய்க்காலைத் தட்டிக் காட்டி.

"எனக்கும் ஒண்டு வெட்டித் தாங்க மச்சான், ரெண்டு காலையும் வெச்சிக்கிட்டு நான் என்னத்த ஓட்டினன்."

ஸெய்னுதீன் சுஹைராவைப் பக்கத்தில் ஏறச் சொன்னான். அவள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஏறினாள். பாலம் வரைக்கும் போனார்கள். பாலத்தின் மேலே கியர் மாறியதை அவள் உணரவேயில்லை. அவன்தான், "இப்ப மாறிட்டு," என்று சொன்னான். பாதம் சொல்லாததை அவன் காதால் கேட்டு ஓட்டினான். கீழே கடல் வெளிச்சமாகக் கிடந்தது. துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. அவன் தூரத்துத் தம்புள்ளை வரைக்கும் போகிறவன் மாதிரி ஒரு கையை வெளியே வைத்திருந்தான். அவள் அவனைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாள். பார்த்தால் அழுகை வந்துவிடும்.

வீட்டில் வந்து இறங்கியதும் பெட்டிக்குக் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்தான். எண்ணெய் கசிந்தால் அதில் தெரியும். விரித்துவிட்டு நிமிர்ந்தவனுடைய கண் திறந்திருந்த கதவால் உள்ளே போயிற்று. மிதிக்குக் கீழே, றப்பர் விரிப்பில், சிவப்பு.

"சீல் போயிட்டு," என்றான்.

அவன் முகம் அப்படி ஆனதை, கால் எடுத்த நாளிலும் அவள் பார்க்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீ போட்டது நல்லாத்தான் இரிந்த. நான்தான் எங்கயோ பிழ விட்டிட்டன். திரும்ப எறக்கோணும்."

சுஹைரா கீழே குனிந்து அட்டையை இழுத்துப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. பெட்டியின் அடியில் கையை ஓட்டினாள். விரலில் ஒன்றும் இல்லை. பெட்டி கீழே இருக்கிறது, எண்ணெய் எப்படி மேலே ஏறும். அவள் எழுந்து விரிப்பிலிருந்த சிவப்பைத் தொட்டாள். வழுக்கவில்லை. ஓரம் காய்ந்து தடித்திருந்தது. கியர் எண்ணெய் காய்வதில்லை என்பது வீடு முழுக்கத் துடைத்த அவளுக்குத் தெரியும்.

தண்ணீரில் போன பொட்டுகள் ஒவ்வொன்றாக அவளுடைய நினைவில் வந்தன. குசினி வாசல். குளியலறைப் படி.

"காலக் காட்டுங்க," என்றாள்.

"என்னத்துக்கு?"

"காட்டுங்க."

பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கால் வீங்கிக் கறுத்திருந்தது. நடுவில் ஒரு சின்ன வாய். அதற்குள் இரும்பின் நுனி ஒன்று வெயிலில் மின்னியது.

ஆதம்பாவா கடலுக்குப் போயிருந்தான். ஓட்டோ ஒன்றைக் கூப்பிட அவள் தெருவுக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது லொறி உறுமிக்கொண்டு நின்றது. துவாயால் பாதத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஸெய்னுதீன் ஆசனத்தில் இருந்தான்.

"ஏறு. நானே ஓட்டிப் போறன்."

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அவன் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினான். பாலத்தில் இம்முறை அவன் ஒன்றும் சொல்லவில்லை. கியர் மாறிய சத்தம் அவளுக்கும் கேட்டது.

உள்ளங்காலிலிருந்து எடுத்த துண்டை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள். காய்ச்சலில் கண் சிவந்திருந்த ஸெய்னுதீன் தலையைத் தூக்கி அதைப் பார்த்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான். "பெட்டிக்குள்ள இல்ல."

நஞ்சு எலும்புவரை போய்விட்டது என்றார் டொக்டர். அந்தக் காலையும் எடுக்கவேண்டியிருந்தது.

லொறியை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஆதம்பாவா. ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய இடது கால் திரும்பத் திரும்பக் கிளட்சைத் தேடி வெறும் தரையை மிதித்தது. பக்கத்தில் இருந்த சுஹைரா அதைப் பார்த்தாள். முற்றத்தில் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டு, சாவியை அவள் கையில் தந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஸெய்னுதீன் வீட்டுக்கு வந்த பிறகு பழையபடி வாசல் கதிரை. வலது காலின் செருப்பு மட்டும் முன் அறைப் படிக்குப் பக்கத்தில், அவள் கழற்றச் சொன்ன இடத்தில், கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அவன் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. செருப்பைப் பற்றி அவன் ஒரு குறையாவது சொல்லியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவன் கேட்டது வேறு.

"புள்ள, சும்மா விட்டா சீல் காஞ்சி போகும். ஏறி ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு."

அவள் ஏறினாள். றப்பர் விரிப்பை அவள் கழுவியிருந்தாள், ஆனாலும் அதில் கால் வைக்கக் கூசியது.

"பிரேக்க அமத்திப் பிடி. நல்லா. இப்ப கியர் நெம்ப மெல்லப் பின்னுக்கு இழு."

லொறி உந்தியது. அவள் மிதியை விடவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது. கதிரையில் இருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். எண்ணெய் எல்லாச் சீல்களையும் நனைத்துச் சுற்றி வரும்வரை கேட்டான். பிறகு கையைத் தூக்கினான். அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, குனிந்து, அட்டையை வெளியே இழுத்தாள்.

"என்ன மாதிரி?"

"ஒரு சொட்டும் இல்ல," என்றாள் அவள்.

"நல்லாப் போட்டிரிக்க," என்றான் அவன்.

அவள் அட்டையை மறுபடி உள்ளே தள்ளினாள்.