பெட்டி குடிக்கும் கரண்டு

முதலாளி பேசி முடித்து போனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். முருகேஸ்வரி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு பேசுறது? இம்புட்டு நேரமா உம்முனு கேட்டுக்கிட்டே நிக்கிறீங்க" என்றாள்.

விஷயம் இதுதான். எங்கள் முதலாளி குருநாதன் அய்யா பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். மலைமேல் பள்ளங்கியில் அவருக்கு ஒரு வீடு உண்டு. சீசனுக்குக் குடும்பத்தோடு மேலே வருவார், சீசன் முடிந்ததும் இறங்கிவிடுவார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் நானும் என் வீட்டுக்காரி முருகேஸ்வரியும் இருந்துகொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம். இந்த வருஷம் சீசன் முடிந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டார், காலித் என்கிற தம்பிக்கு. தம்பி அத்தா என்று கூப்பிடும் அவன் அப்பாவுக்குப் பழனி பஜாரில் பாத்திரக் கடை. தம்பிக்குக் கம்ப்யூட்டர் வேலை. எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம் என்று மலைக்கு வந்துவிட்டான். வீடு தேடி அலைந்தவனைப் பார்த்து முதலாளியிடம் சொல்லி உள்ளே விட்டதே நான்தான். கரண்டும் சேர்த்துத்தான் வாடகை என்று பேச்சு.

இப்போது முதலாளியின் போனுக்குக் கரண்டு பில் வந்திருக்கிறது. ஐநூறு யூனிட்டைத் தாண்டிவிட்டதாம். ஐநூறைத் தாண்டினால் தாண்டினதுக்கு மட்டும் ரேட் ஏறாது, கீழே உள்ளதுக்கும் சேர்ந்து ஏறும். அவருக்குக் கோபம் அதில்தான். தம்பியிடம் இருக்கும் விளையாட்டுப் பெட்டிதான் அவ்வளவையும் குடிக்கிறது என்று அவர் முடிவே செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தம்பியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு வீட்டை ஒரு லாட்ஜ்காரனுக்கு விடப்போகிறேன், அவன் ஆளை அவனே வைத்துக்கொள்வான் என்றார். அவன் ஆள் வந்தால் எங்கள் ஒற்றை அறை அவனுக்கு. அதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றி அவரிடம் பெருமையாகச் சொன்னதும் என் வாய்தான்.

பெட்டி என்றால் ஒரு பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். டிவியோடு சேர்த்துவிட்டால் அதில் பந்து விளையாடலாம், துப்பாக்கி சுடலாம், லாரி ஓட்டலாம். தம்பி எனக்கு லாரியைக் காட்டிக்கொடுத்தான். நான் மன்னவனூரில் கேரட் மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் ஏற்றி இறக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவன். லோடு ஏற்றிய லாரியின் உச்சியில், மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டுதான் எத்தனையோ தடவை ஒட்டன்சத்திரத்துக்குப் போயிருக்கிறேன். முன்னால் டிரைவர் சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அந்தப் பெட்டியில் உட்கார்ந்தேன். முதல் வளைவு வந்ததும் உடம்பு தானாகச் சாய்ந்தது.

"அண்ணே, நீங்க சாயாட்டியும் வண்டி திரும்பும்" என்று தம்பி சிரித்தான்.

சாயாமல் எப்படி ஓட்டுவது? ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். ஊர்ப் பலகையெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். எனக்கு எழுத்து தெரிந்ததே நாற்பதுக்கு மேல்தான், அதுவும் தமிழ் மட்டும். அம்புக்குறி காட்டும் பக்கம் திரும்பிக்கொள்வேன். மத்தியானம் தம்பி உள் அறையில் ஆபீஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது நான் முன் அறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு லோடு இறக்கப் போய்க்கொண்டிருப்பேன். முருகேஸ்வரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை, "விறகு வெட்டணுமே, டிரைவர் சார்" என்றாள்.

அதனால் முதலாளி பெட்டிமேல் பழி சொன்னபோது பாதி என்மேலும் விழுந்தது. தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது. அந்தப் பெட்டி ஐந்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட் ஆகும், குளிக்கிற ஹீட்டர் அரை மணி நேரத்திலேயே அதைத் தின்றுவிடும் என்று விரல் மடக்கிச் சொன்னான். பெட்டி தூங்கும்போது மினுக்கும் ஆரஞ்சு விளக்கைக் காட்டி, இது கண் மூடாமல் முழித்துக்கொண்டே இருக்கிறதே என்று கேட்டேன். அதெல்லாம் கொசுக்கடி என்றான். அப்புறம், "அக்கா ரூம்ல ஹீட்டர் கீட்டர் ஏதும் வச்சிருக்காங்களாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான்.

எங்கள் அறைக்கும் அதே மீட்டர்தான். அவன் கேட்டதில் தப்பில்லை. இருந்தும் எனக்குச் சுருக்கென்றது. முருகேஸ்வரி காதில் விழாமல் இருக்குமா? அவள் நேரே வந்து, "வந்து பாருங்க தம்பி. ஒரு பல்பு, ஒரு செல்போன் சார்ஜர், ஒரு புருஷன். மூணுல எது கரண்டு தின்னுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். தம்பி கூசிப்போய் மன்னிப்புக் கேட்டான். அன்றைக்கே பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து டேப் ஒட்டிவிட்டான். என் லாரி எங்கோ ஒரு மலை இறக்கத்தில் நின்றது.

அதற்கப்புறம் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வேலி கட்டப் போவேன், பாதியில் திரும்பி வந்து வாசல் சுவரில் இருக்கும் மீட்டரைப் பார்ப்பேன். அதில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. கரண்டு நிறையப் போனால் படபடவென்று சிமிட்டும், குறைவாகப் போனால் நிதானமாகச் சிமிட்டும். தம்பி குளிக்கும்போது அது அடித்துக்கொள்வதைப் பார்த்தால் என் நெஞ்சும் சேர்ந்து அடிக்கும். வெளிச்சம் இருக்கும்போதே விளக்குப் போட்டிருக்கிறானா என்று ஜன்னல் வழியே பார்ப்பேன். எங்கள் அறையிலும் பல்பைப் போடவிடவில்லை. முருகேஸ்வரி இருட்டில் சோறு போட்டு, "குழம்புன்னு நெனச்சு ரசத்த ஊத்திட்டேன், சாப்பிடுங்க" என்றாள். மூட்டை முடிச்சு கட்டுவதாக இருந்தால் எங்கே போவது என்று இருவரும் பேசவில்லை. கன்னிவாடியில் அவள் தம்பி வீடு இருக்கிறது. அங்கே ஒரு வாரத்துக்கு மேல் இருக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் தம்பிதான் ஒரு யோசனை சொன்னான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்றான். அவன் உள்ளே போய் ஃபிரிட்ஜ், ஹீட்டர், கம்ப்யூட்டர், விளக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்தான். நான் எங்கள் அறையை அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். சிவப்புப் புள்ளி நின்றுபோனது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். இன்னொரு மூச்சு விடுவதற்குள் ஒரு சிமிட்டல். விட்டு, மறுபடியும் ஒரு சிமிட்டல்.

"தம்பி, ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு" என்றேன்.

இருவரும் வீடு முழுக்கத் தேடினோம். கட்டிலுக்கு அடியில், சமையல் மேடைக்குப் பின்னால், குளியலறை மோட்டார் சுவிட்சு வரைக்கும் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. கடைசியில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பின்னறைக்குப் போனேன். அங்கே முதலாளியின் சாமான்கள்தான் இருக்கின்றன. தம்பி அதைப் புழங்குவதே இல்லை. சுவரோடு சேர்த்துச் செய்த மர அலமாரி ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதன் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு முருகேஸ்வரியின் பூனை சுருண்டு படுத்திருந்தது. தம்பி குடிவந்த நாளிலிருந்தே அது அங்கேதான் படுக்கும். வெளியே மூடுபனி, உள்ளே தரை ஐஸாகக் கிடக்கிறது. பூனை மட்டும் அடுப்படியில் படுத்த மாதிரி நீட்டி நெளிகிறது.

கதவைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மலையில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். மழைக்காலத்தில் துணி அலமாரிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டு எரியவிடுவார்கள். சூட்டுக்குப் பூசணம் அண்டாது. இப்போதைய எல்.இ.டி. பல்பில் சூடு கிடையாது என்று பழைய குண்டு பல்பைத்தான் தேடிப் போடுவார்கள். எத்தனையோ வீட்டில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த வீட்டில் மட்டும் தோன்றவில்லை, ஏனென்றால் இந்த அலமாரியை முதலாளியே பூட்டி, சாவியையும் பழனிக்குக் கொண்டுபோய்விடுவார். கதவிடுக்கில் பேப்பரைத் திணித்திருந்ததால் வெளிச்சமும் தெரியவில்லை. தம்பி மறுபடி விரல் மடக்கினான். நூறு வாட் பல்பாக இருந்தால் பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட்தான், பெட்டியில் பாதி. ஆனால் பெட்டியை மத்தியானமோ சாயங்காலமோ கொஞ்ச நேரம்தான் போடுகிறோம். இது ராத்திரி பகல் என்று அணையவே இல்லை.

இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று அடுத்த கவலை வந்தது. முருகேஸ்வரி சொல்லவே வேண்டாம் என்றாள். "உங்க பல்புதான் கரண்ட குடிச்சிச்சுன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறீங்களா? அப்புறம் லாட்ஜ்காரன் வர்ற வரைக்கும்கூட விட மாட்டாரு." தம்பி தானே சொல்கிறேன் என்றான். அவன் சொன்னால் சண்டையாகிவிடும். ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வெள்ளனே வந்து இறங்கினார். காதைச் சுற்றி மப்ளர், கையில் பஞ்சாமிர்த டப்பா. கோபத்திலும் அதைக் கொண்டுவர அவர் மறக்கவில்லை. டப்பாவைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, டேப் ஒட்டிக் கிடந்த அட்டைப்பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இதானா?" என்றார். "இத்துணூண்டு இருக்கு, ஆனைப்பசி பசிக்குதே."

தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அய்யா, இன்னைக்கு வெயில் அடிக்கும்போல இருக்கு. அலமாரிச் சாவி குடுத்தீங்கன்னா கம்பளியெல்லாம் எடுத்து வெளியில போட்டுருவேன்."

அது நல்ல வேலை என்று அவரே பின்னறைக்கு வந்து பூட்டைத் திறந்தார். கதவு திறந்ததும் மஞ்சள் வெளிச்சம் எங்கள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. உள்ளே அடுக்கடுக்காய்க் கம்பளிகள், நடுவில் ஒயரில் தொங்கும் குண்டு பல்பு. பூனை எழுந்து உள்ளே போகப் பார்த்தது. முதலாளி கதவைப் பிடித்தபடியே நின்றார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். தம்பி நல்லவன், குனிந்து பூனையைத் தூக்கிக்கொண்டான்.

முதலாளி மேலே இருந்த கம்பளியைத் தடவி, "எங்க அப்பா காலத்துலருந்து எரியிறது" என்றார். "அவரு போத்துன கம்பளி. மன்னவனூர்ல சொல்லி நெய்ய வச்சது. பூசணம் புடிச்சா என்ன பண்றது? இது எரியட்டும். இது வேண்டியது. அந்தப் பொட்டி வெளையாட்டுத்தான, அது போகட்டும்."

நான் நினைத்தது நடக்கவில்லை. பல்பைப் பார்த்தால் பெட்டிமேல் உள்ள பழி போய்விடும் என்று நினைத்திருந்தேன். பழி போய்விட்டது. பெட்டியும் போகவேண்டும் என்பது மட்டும் போகவில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் கஷ்டம். கம்பளி வேண்டியதுதான். லாரி ஓட்டுவது யாருக்கு வேண்டியது?

"அய்யா" என்றேன். "பல்ப நிப்பாட்டிருவோம். கம்பளிக்கு நான் பொறுப்பு. வெயில் வர்றப்ப போட்டு, போறப்ப எடுத்துருவேன். ஒண்ணுலயும் பூசணம் வராது."

"மழைக்காலத்துல எங்கலே வெயிலு?"

"வரும்ங்க. விட்டு விட்டு வரும். நானும் விட்டு விட்டுப் போடுவேன்."

கதவோரம் நின்ற முருகேஸ்வரி, "குனிஞ்சு செருப்பெடுக்க முடியாதவரு சொல்றாரு, கேட்டுக்கங்க" என்றாள்.

முதலாளி என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தம்பியிடம், இந்தப் பல்பு இல்லையென்றால் ஐநூறுக்குள் வருமா என்று கேட்டார். வரும் என்றான் தம்பி. அவர் பல்பைக் கழற்றினார். சுட்டுவிட்டது, மப்ளர் நுனியால் பிடித்துக் கழற்றினார்.

"அடுத்த பில்லு வரட்டும், லாட்ஜ்காரன அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்" என்றார். "பில்லும் எறங்கணும், கம்பளியும் நல்லா இருக்கணும். ஒண்ணுல பூசணம் பாத்தேன், பொட்டியும் கெடையாது, நீயும் கெடையாது. கேட்டியாலே?"

கேட்டேன். இந்த ஒற்றை அறைக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று அன்றைக்கு முருகேஸ்வரியிடம் சொன்னேன். அவள் நம்பின மாதிரி தலையாட்டினாள்.

இப்போது என் சோலி இதுதான். மேகம் விலகி ஒரு துண்டு வெயில் விழுந்தால் ஓடுகிறேன். கம்பளி ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்கிடா கனம். கொடியில் போட்டுத் தட்டி, விரித்து, திருப்பி, இரண்டு பக்கமும் காட்டுவதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும். மறுபடி அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். முகர்ந்து பார்த்துத்தான் அடுக்குவேன். சந்தேகம் இருந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. அலமாரி குளிர்ந்துபோனதால் பூனை இடம் மாறிவிட்டது. தம்பி விளையாடும்போது பெட்டிக்குப் பின்னால் ஒரு சூட்டுக்காற்று வரும். அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது.

நேற்று மத்தியானம் எல்லாக் கம்பளியையும் காயப் போட்டுவிட்டு, கொஞ்சம் உட்காரலாம் என்று லாரியை எடுத்தேன். லோடு நிறைய இருந்தது. ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பேன். "ஏங்க, பனி ஏறுது, வெரசா வாங்க" என்று முருகேஸ்வரியின் குரல் வந்தது. பெட்டியின் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். இரண்டு கம்பளியைத் தோளிலும் ஒன்றைத் தலையிலும் போட்டுக்கொண்டு கொடியிலிருந்து திரும்புகிறேன், ஜன்னலிலிருந்து தம்பி தலையை நீட்டினான்.

"அண்ணே, ஹேண்ட்பிரேக் போடலையா? வண்டி பின்னால உருளுது."

"புடிங்க தம்பி, புடிங்க" என்றேன். கம்பளியை இறக்கி வைக்கலாமென்றால் தரை ஈரம்.