தலைவர் வீட்டு வாசல் விளக்கு

குசாகபே தன் வீட்டுக் கூரையில் சோலார் பலகை போட்டது மின்சாரத்துக்காக அல்ல, மரியாதைக்காக. தெருச் சங்கத் தலைவர் பதவியைப் பல வருடங்களாக விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர். வசந்தத்தில் தேர்தல். எதிர்வீட்டு உதகாவா இப்போதே தெருவில் எல்லோரையும் வழக்கத்தைவிட ஆழமாகக் குனிந்து வணங்க ஆரம்பித்துவிட்டார்.

பேட்டரி மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் அன்சாய், பிரேக்கர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது சின்ன பேட்டரிங்க. கரண்ட் போனா வீட்டுல ஒரே ஒரு லைனுக்குத்தான் குடுக்கும். எதுல சேக்கட்டும்?"

"கிச்சன்ல," என்றாள் மனைவி சுமியே.

"வாசல் விளக்குல," என்றார் குசாகபே.

"ஏங்க, வாசல் விளக்குல சோறு வேகுமா?"

"ஊரே இருட்டா கெடக்கும்போது தலைவர் வீட்டுல வெளிச்சம் தெரியணும். ஜனங்களுக்கு அதான் தைரியம்."

வாசல் விளக்கின் லைனில் கழிப்பறையும் சேர்ந்திருப்பதை அன்சாய் சொன்னார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் குசாகபே. கூடவே, வாசல் விளக்கின் சுவிட்சையும் கழற்றி எறியச் சொன்னார். சுமியே போகிற போக்கில் விளக்கை அணைக்கிற சிக்கனக்காரி. இனி பிரேக்கரை இறக்கினால்தான் அது அணையும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் மார்தட்டினார். "ஆபத்துன்னா நம்ம வீட்டுக்கு வாங்க. முழு வீட்டுக்கும் பேட்டரி போட்டிருக்கேன்." முழு வீடு என்பது பேச்சு வேகத்தில் வாயிலிருந்து வழுக்கிய பொய். திருப்பி எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

செப்டம்பரில் வந்த புயல் ஜப்பானின் சிபா கடற்கரையையே புரட்டிப் போட்டது. மின்கம்பங்கள் சாய்ந்தன. மறுநாள் பொழுது சாய்ந்தபோது தெருவில் குசாகபே வீட்டு வாசல் மட்டும் பளீரென்று எரிந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. உள்ளே சுமியே இருட்டில் விசிறிக்கொண்டு, ஃபிரிட்ஜில் கெட்டுக்கொண்டிருந்த மீனை நினைத்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஆள் அரவம். பக்கத்து வீட்டு நிஷினா அம்மாள் நின்றிருந்தார், கையில் அரிசி கழுவிப் போட்ட ரைஸ் குக்கர். பின்னால் இன்னும் சிலர், ஆளுக்கொரு குக்கரோடு. உதகாவாவும் ஒன்று வைத்திருந்தார்.

"தலைவரே, உங்களுக்குத் தொந்தரவு. சூடா ஒரு வாய் சோறு சாப்பிடலாம்னு..."

"அட, இதுக்குப் போயி! குடுங்க, நாங்களே வச்சுத் தர்றோம்."

கதவைச் சாத்தியதும் அவர் முகம் வெளுத்தது. "சுமியே, கரண்ட் எங்க வருது?"

"நீங்க ஆசைப்பட்ட எடத்துலதான். டாய்லெட்ல."

அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட், குளிர்காலத்தில் உட்கார இதமாகச் சூடேறும் கழிப்பறை இருக்கைக்கானது. அதைப் பிடுங்கிவிட்டு, மூடிய இருக்கையின் மேல் முதல் குக்கரை வைத்தார். மற்றவை தரையில் வரிசை கட்டின.

"வெளிய மூச்சு விடாத."

"நான் ஏன் விடறேன்? என் சோறா அங்க வேகுது?"

முதல் இரண்டு குக்கர் சோற்றையும் சுமியே உருண்டை பிடித்துக் கொடுத்தாள். தெருவே விளக்கடியில் நின்று சாப்பிட்டது.

"தலைவர் வீட்டுச் சோத்துக்கே தனி ருசி," என்றார் நிஷினா அம்மாள். குசாகபேவுக்குத் தேர்தலே முடிந்து, ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது உதகாவா நெளிந்தபடி வந்தார். "மன்னிக்கணும் தலைவரே, கொஞ்சம் அவசரம். எங்க வீட்டுல இருட்டுல ஒண்ணும் தெரியல. உங்க டாய்லெட்ட..."

முழு வீட்டுக்கும் பேட்டரி போட்ட மனிதர் என்னவென்று மறுப்பார்? அவர் வார்த்தை தேடுவதற்குள் உதகாவா செருப்பைக் கழற்றி உள்ளே போய்விட்டார். போன வேகத்தில் திரும்பியும் வந்தார். மிகப் பணிவாகக் குனிந்தார்.

"நான் அடக்கிக்கிறேன் தலைவரே. டாய்லெட் மூடி மேல இப்ப என் குக்கர்தான் வெந்துட்டிருக்கு."

தெருவில் மெல்லுகிற சத்தம் நின்றது. யாரும் துப்பவில்லை, அந்தத் தெருக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. நிஷினா அம்மாள் வாயிலிருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"நல்லாவே வெந்திருக்கு," என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் குசாகபே. கதவோரம் ஒதுங்கிக் கிசுகிசுத்தார்.

"சுமியே, அந்த வெளக்க அணைச்சுத் தொல."

"சுவிட்சத்தான் புடுங்கிட்டீங்களே. பிரேக்கரத்தான் எறக்கணும். எறக்குனா உதகாவா சோறு பாதியில நின்னுடும். எறக்கட்டுமா?"

உதகாவா கால்களைப் பின்னிக்கொண்டு, பொறுமையாகப் புன்னகைத்தபடி நின்றிருந்தார்.

"வேணாம்," என்றார் குசாகபே. திரும்பிப் போய், சோறு வேகும்வரை தன் விளக்கடியிலேயே தலை குனிந்து நின்றார்.