கடைசிப் பாட்டில் ஒரு வரி

மொட்டைப்பேனா என்று இசைக்காரர்கள் பெயர் வைத்திருந்த விமர்சகர் எழுதியது காலையிலேயே வந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் அதை மூன்று தடவை படித்தார்.

அறுபத்திரண்டு வயதுப் பாடகி பன்னிரண்டு வருடம் கழித்துக் கொண்டுவந்த ஆல்பம். பத்துப் பாட்டும் அவளுடைய இளமைக்காலம். பத்தாவது, அவளைப் பெரிய ஆளாக்கிய பழைய பாட்டையே மறுபடி பாடியது. மற்ற விமர்சகர்கள் இனிய நினைவுகள் என்று பூசி மெழுகிவிட்டு நழுவியிருந்தார்கள். மொட்டைப்பேனாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பழைய போட்டோவுக்குப் புதுச் சட்டம் மாட்டியிருக்கிறார்கள் என்று ஒன்பது பாட்டையும் ஓரங்கட்டிவிட்டு, பத்தாவதின் உச்ச வரி ஒன்றில் மட்டும் உருகியிருந்தார். அங்கே ஒருத்தி உயிரைக் கொடுத்துப் பாடுகிறாள், இவ்வளவு நாள் எங்கே இருந்தாள் என்று கேட்டிருந்தார்.

அந்த வரிதான் வில்லங்கம். பாடகியின் குரல் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. பதினேழு டேக் எடுத்தும் முனையில் உடைந்தது. அவள் கிளம்பிப் போன பிறகு ஒலிப்பதிவாளர் பழைய டேப்பைத் தேடி எடுத்து, அவளுடைய இளமைக் குரலில் அந்த வரியை மட்டும் வெட்டி ஒட்டினார். அன்று வெளிவந்த பாட்டின் குரலையே எடுத்து ஒட்டினால் ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் டேப்பில் சும்மா கிடந்த இன்னொரு டேக்கை எடுத்தார். கெட்டிக்காரர்தான். அவளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் ஆல்பத்தையே தூக்கிப் போட்டிருப்பாள், அப்படி ஒரு ரோஷம். இவர் அவளுடைய தங்கை புருஷன் வேறு. தெரிந்தால் தொழிலோடு உறவும் போகும்.

பதினொரு மணிக்குப் பாடகி ஸ்டுடியோவுக்கு வந்தாள். கையில் பத்திரிகை இருந்தது. வந்ததும் வராததுமாக, அந்த வரியைத் தனியாகப் போடச் சொன்னாள்.

அவர் வாத்தியங்களை அணைத்துவிட்டு வெறும் குரலை ஓடவிட்டார். கண்ணை மூடிக் கேட்டவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. தப்புதான் அக்கா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். உங்கள் பழைய குரல்தானே, அடுத்தவருடையதா என்று ஒரு சமாதானமும் சேர்த்துக்கொண்டார்.

"அது நான் இல்ல மாப்பிள்ளை," என்றாள் பாடகி. "உங்க பொண்டாட்டி."

அவருக்கு விளங்கச் சற்று நேரமானது. அந்தக் காலத்தில் பாடகி வருவதற்கு முன்னால் வேறொருத்தர் டிராக் பாடி வைப்பார். அதைக் கேட்டு மெட்டைப் பிடித்துக்கொண்டு பாடகி பாடியதும், அதை அழித்துவிடுவார்கள். அக்காவுக்கு டிராக் பாடியது தங்கை. இந்த டேப்பில் யாரோ அழிக்க மறந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தங்கை மைக் பக்கமே வரவில்லை. ஆயிரம் குரலைப் பிரித்துச் சொல்லும் இந்தப் பெரிய காதுக்காரர், முப்பது வருடம் கூடவே வாழ்ந்த குரலைக் கோட்டைவிட்டிருந்தார்.

"அந்த மொட்டைப்பேனா என்னைப் பத்தி ஒருநாளும் இப்படி எழுதினதில்ல," என்றாள் பாடகி. வயிற்றெரிச்சலை அவள் மறைக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தங்கைக்குப் போன் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட வேண்டும் என்றாள்.

கேட்காமல் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பதா, அடையாளம் தெரியாமல் எடுத்ததற்குக் கேட்பதா என்று புரியாமலே அவர் போட்டார். விமர்சனம் பார்த்தாயா என்று இழுத்தார்.

"பாத்தேன். ஆல்பம் வந்த அன்னிக்கே கேட்டுட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன்." என்றாள் மனைவி. "இத்தனை வருஷம் என் குரலை ஞாபகம் வச்சிருந்து தேடி எடுத்திருக்கீங்களே. நாலு நாளா தூக்கமே வரல, சந்தோஷத்துல."

அவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். பாடகி அவர் தோளை அழுத்திப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஆமா," என்றார் அவர்.

எதிர்முனையில் மனைவி அந்த வரியை மெல்லப் பாடிக் காட்டினாள். அப்படியே அதே குரல்.