ஒருவர் மட்டும்

வெளியே விடிந்துகொண்டிருந்தது. அந்த அறைக்குள் தெரியாது. யாரும் கணினித் திரையை எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். இணையம் கிடையாது. போன்கள் வாசல் பெட்டியில். நிரலில் ஒரு பிழை பிடிபடவில்லையா? வாசலில் இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் கண்ணாடிக் கூண்டு வழியே வெளியே போய், போனில் விடை தேடி, உருப்போட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஓடிவர வேண்டும்.

அதற்கென்றே ஒருவன் இருந்தான். பெயரே 'மனப்பாடம்' ஆகிவிட்டது. முந்திய நாளிலிருந்து வீட்டுக்குப் போகாமல் ஓடிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வழியில தும்மிடாதீங்க, பாதி கொட்டிடும்!" என்றாள் பக்கத்து சீட்டு வாயாடி.

சிரித்தான். பாதி வரி சொன்னான். நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியோடு சரிந்தான்.

ஒருத்தன் ஆம்புலன்சை அழைக்க வெளியே ஓடினான். அணித்தலைவியான அக்காவும் வாயாடியும் சரிந்தவனைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தார்கள். தரை எடை பார்த்தது. வெளிக்கதவு இறுகியது.

"ஒருவர் மட்டும்" என்றது இயந்திரக் குரல், இனிமையாக.

அவனை மட்டும் உள்ளே கிடத்திப் பார்த்தார்கள். வெளிக்கதவு அவன் கைரேகையைக் கேட்டது. மயங்கிக் கிடப்பவன் கையை யார் தூக்கிக் கொடுப்பது?

"எங்கிட்ட சாவி இல்லம்மா!" கண்ணாடிக்கு அப்பால் காவலாளி அலறினார்.

அக்கா நாற்காலியைத் தூக்கி வீசினாள். கண்ணாடி நொறுங்கியது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

மாலைக்குள் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. முதலாளியும் வந்தார்.

"வருத்தம்தான். ஆனா கதவை உடைச்சது தப்பு. தகவல் வெளிய போயிருந்தா?"

"போனது உயிர் சார். கதவு உள்ளேருந்து தள்ளினா திறக்கணும். போன் எங்க கையிலயே இருக்கணும்" என்றாள் அக்கா.

"வாடிக்கையாளர் ஒத்துக்க மாட்டார். அவன் சீட்டுக்கு ஆள் சொல்லியாச்சு. உன் சீட்டுக்கும் சொல்லிடறேன். நாளைக்குக் கார்டைக் கொடுத்துட்டுக் கிளம்பு."

மறுநாள் விடியலில் கார்டோடு வந்த அக்காவின் முழங்கையைப் பிடித்துக் கூண்டுக்குள் இழுத்தாள் வாயாடி.

"என்னடி பண்றே?"

"சும்மா நில்லுக்கா."

பின்னாலேயே இன்னொருவன். இன்னும் இருவர். தோளோடு தோள் நெருக்கி, மூச்சுவிட இடமில்லாமல். யாருடைய போனும் பெட்டிக்குப் போகவில்லை. இடமில்லாதவர்கள் வாசலில் வரிசை கட்டினார்கள்.

"ஒருவர் மட்டும்."

யாரும் வெளியே வரவில்லை. அபாய மணி அலறியது. முதலாளியின் கார் வாசலில் வந்து நின்றது.

காவலாளி காரைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் ஒதுங்குங்கம்மா, எனக்கும் ஒரு காலு வைக்க இடம் விடுங்க."